வெசலே போறதுக்கு முன்னாடி எல்லாரும் கேக்குற கேள்விகள்

பாரிஸ்ல இருக்கோம்னு தெரிஞ்சா போதும், ஊர்லேர்ந்து வர்ற சொந்தக்காரங்க ஈஃபிள் டவர் பாத்தாச்சு, லூர்து போயாச்சு, வேற எங்க கூட்டிட்டுப் போவீங்கன்னு கேப்பாங்க. நான் எப்பவும் சொல்றது வெசலே. சொன்ன உடனே வரிசையா கேள்வி வரும். ஒவ்வொருத்தருக்கா வாட்ஸாப்ல டைப் பண்ணி விரல் தேஞ்சதுதான் மிச்சம், அதான் மொத்தத்தையும் இங்க எழுதிட்டேன்.

வெசலேன்னா என்ன, பேரே கேள்விப்பட்டது இல்லையே?

பாரிஸுக்குத் தென்கிழக்க, பர்கண்டி பக்கம், இயோன் மாவட்டத்துல ஒரு சின்ன குன்னு. குன்னு மேல ஒரே ஒரு முக்கியத் தெரு, அந்தத் தெரு முடியுற உச்சியில இயேசுவோட பெண் சீடர் மகதலேனா மரியாள் பேர்ல ஒரு பெரிய கோயில். 12-ஆம் நூற்றாண்டுல கட்டினது, அப்ப அது ஒரு பெரிய மடத்தோட கோயில். ஊர்ல இப்ப நானூத்திச் சொச்சம் பேர்தான் இருக்காங்க, நம்ம ஊர்ல ஒரு அபார்ட்மெண்ட்ல இதைவிட அதிகமா இருப்பாங்க. 1979-லயே யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்துட்டாங்க, கோயிலை மட்டும் இல்ல, குன்னையும் சேர்த்து.

பாரிஸ்லேர்ந்து எப்படிப் போறது?

கார் இருந்தா சுலபம், ஏ6 நெடுஞ்சாலையில போய் நித்ரி கிட்ட வெளிய வந்தா அப்புறம் கிராமத்து ரோடு, மொத்தம் 220 கிலோமீட்டர் சுமார், ரெண்டரை மணி நேரம்னு வச்சுக்கங்க. வழியில ஒரு வளைவு தாண்டினதும் தூரத்துல குன்னும் மேல கோயிலும் திடீர்னு தெரியும். யார் ஓட்டுறாங்களோ அவங்ககிட்ட முன்கூட்டியே சொல்லி வைங்க, எங்க வீட்டுக்காரர் முதல் தடவை வண்டியை அப்படியே நடுரோட்டுல நிறுத்திட்டார், பின்னாடி வந்தவன் அடிச்ச ஹாரன் இன்னும் காதுல இருக்கு.

ரயில்னா பாரிஸ் பெர்சி ஸ்டேஷன்லேர்ந்து அவலோன் போற லைன், செர்மிசெல் வெசலேன்னு ஸ்டேஷன் பேர்லயே ஊர் பேர் இருக்கும், அதை நம்பி இறங்கிட்டு கோயில் எங்கன்னு தேடாதீங்க, அங்கேர்ந்து இன்னும் 10 கிலோமீட்டர் இருக்கு. டாக்ஸி வாசல்ல நிக்காது, முன்னாடியே போன் பண்ணி வைக்கணும். அதைவிட முக்கியம், திரும்பி வர்ற ரயில் எத்தனை மணிக்குன்னு காலையிலயே பாத்து வச்சுக்கறது. ரயில் அடிக்கடி கிடையாது. நாங்க ஒரு தடவை அஞ்சு நிமிஷம் லேட்டாப் போய், ஆள் அரவம் இல்லாத ஸ்டேஷன்ல ரெண்டு மணி நேரத்துக்கு மேல முறுக்கு தின்னுட்டே உக்காந்திருந்தோம்.

அம்மாவுக்கு முட்டி வலி, மேல ஏற முடியுமா?

படிக்கட்டு இல்ல, சரிவான தெரு. கீழ சந்தைத் திடல்னு ஒரு இடம், அங்கதான் பார்க்கிங், காசு கட்டணும். அங்கேர்ந்து மெதுவா நடந்தா கால் மணி நேரம், இருபது நிமிஷம். பழனி மாதிரிலாம் பயப்பட வேணாம். ஆனா தரை கல்லு பாவினது, மழை பெஞ்சா வழுக்கும், நல்ல ஷூ போட்டு வரச் சொல்லுங்க, புடவையும் ரப்பர் செருப்புமா வந்த எங்க அத்தை பாதி வழியில என் தோளைப் பிடிச்ச பிடி ஒரு வாரம் வலிச்சுது. நடுநடுவுல கடைகள் இருக்கு, உக்காரலாம். ஏறும்போது தரையைப் பாருங்க, பித்தளையில சிப்பி பதிச்சிருப்பாங்க. அது இயேசுவோட சீடர் சந்தியாகப்பர் பேர்ல நடக்குற யாத்திரையோட அடையாளம், ஸ்பெயின்ல அவரோட கல்லறை இருக்குற ஊருக்கு பிரான்ஸ்லேர்ந்து நடந்து போற பெரிய பாதைகள்ல ஒண்ணு இந்தக் கோயில் வாசல்லேர்ந்துதான் ஆரம்பிக்குது. முதுகுல மூட்டை, அதுல தொங்குற சிப்பி, வெயில்ல கருத்த முகம், இப்படி யாராவது எதிர்ல வந்தா அவங்கதான். இப்பவும் நடக்குறாங்க.

இவ்ளோ சின்ன ஊர்ல எதுக்கு இவ்ளோ பெரிய கோயில்?

எல்லாத்துக்கும் காரணம் சில எலும்பு. ஒன்பதாம் நூற்றாண்டுல ஜிரார் தெ ரூசியோன்னு ஒரு பிரபு, கீழ பள்ளத்தாக்குல கன்னியாஸ்திரிகளுக்கு மடம் கட்டினார், வைக்கிங் கொள்ளைக்காரங்க வந்து அதை நாசம் பண்ணதும் மடத்தை குன்னு மேல ஏத்திட்டாங்க, அப்ப அங்க குடியேறினது ஆண் துறவிகள். பதினோராம் நூற்றாண்டுல திடீர்னு மகதலேனா மரியாளோட திருப்பண்டம், அதாவது அவங்க எலும்பு, எங்ககிட்ட இருக்குன்னாங்க, 1058-ல போப்பும் ஒத்துக்கிட்டார். அவ்ளோதான், ஜனம் குவிஞ்சுது. காணிக்கை கொட்டுச்சு. ஊரும் வளந்துச்சு, சத்திரம், சந்தை, காசு மாத்துறவன், எல்லாம்.

காசு வந்தா சண்டையும் வருமே. பெரிசா கோயில் கட்டணும்னு மடத்துத் தலைவர் அர்தோ வரியை ஏத்திக்கிட்டே போக, வெறுத்துப்போன ஊர்க்காரங்க 1106-ல அவரைக் கொன்னே போட்டுட்டாங்க. 1120-ல திருவிழாவுக்கு முந்தின ராத்திரி, ஜூலை 21, யாத்திரைக்காரங்க நெரிசலா இருக்கும்போது கோயில் தீப்பிடிச்சுது, ஆயிரத்துக்கு மேல செத்தாங்கன்னு அந்தக் காலத்துக் குறிப்பு சொல்லுது. அதுக்கப்புறம் எழுப்பினதுதான் இப்ப நாம நடக்குற நீள மண்டபம்.

1146 ஈஸ்டர் அன்னிக்கு பெர்னார்னு ஒரு துறவி, அந்தக் காலத்துல ராஜாக்களே அவர் பேச்சுக்கு எந்திரிச்சு நிப்பாங்க, ஏழாம் லூயி ராஜாவைப் பக்கத்துல வச்சுக்கிட்டு ரெண்டாவது சிலுவைப் போருக்கு ஆள் கூப்பிட்டது இங்கதான். கூட்டம் கோயிலுக்குள்ள அடங்கல, குன்னோட சரிவுல திறந்த வெளியில பேசினார். போருக்கு வர்றவங்களுக்குக் குடுக்கத் தச்சு வச்சிருந்த துணிச் சிலுவை தீந்துபோய் தன்னோட அங்கியையே கிழிச்சுக் குடுத்தாருன்னு சொல்வாங்க. அந்தப் போர் படுதோல்வி, அது வேற விஷயம். 1166-ல காண்டர்பரி பேராயர் தாமஸ் பெக்கெட், இங்கிலாந்து ராஜாவோட சண்டை போட்டுட்டு பிரான்ஸ்ல தஞ்சம் புகுந்தவர், இங்க மேடை ஏறி ராஜாவோட ஆளுங்களைத் திருச்சபையை விட்டே விலக்கினார். 1190-ல இங்கிலாந்து ராஜா ரிச்சர்டும் பிரான்ஸ் ராஜா பிலிப்பும் மூணாவது சிலுவைப் போருக்குப் படையோட வந்து சேர்ந்ததும் இதே குன்னுதான். நாலு தெரு இல்லாத ஊரு, நினைச்சுப் பாருங்க.

மகதலேனா மரியாள் எலும்பு நிஜமாவே அங்க இருக்கா?

நிலவறையில ஒரு பேழை இருக்கு, கம்பிக்குப் பின்னாடி, மெழுகுவர்த்தி எரியும், ஜனங்க முட்டி போட்டு செபம் சொல்லிட்டு இருப்பாங்க. நிஜமான்னு என்னைக் கேட்டா என்ன சொல்றது, அந்தக் காலத்துலயே சண்டை. 1279-ல தெற்க ப்ரோவான்ஸ்ல சென் மாக்சிமேன்கிற ஊர்ல, உண்மையான உடம்பு எங்ககிட்டதான் இருக்குன்னு தோண்டி எடுத்தாங்க, 1295-ல போப் அவங்க பக்கம் சாஞ்சுட்டார். கூட்டம் அந்தப் பக்கம் திரும்பிடுச்சு, வெசலே வாடிப்போச்சு. எலும்பால எழுந்த ஊர், எலும்பாலயே விழுந்துச்சு. ஆனா அப்படி ஒதுங்கிப் போனதால இடிச்சுட்டு இன்னும் பெரிசா கட்ட யாருக்கும் தோணல, காசும் இல்லன்னு நான் நினைச்சுப்பேன். நிலவறைக்கு எப்படியும் இறங்குங்க. கோயிலோட ரொம்பப் பழைய பகுதி அது, கீழ தரை சமமா இருக்காது, குன்னோட பாறையே அங்கங்க தெரியும்.

உள்ள போனதும் முதல்ல என்ன பாக்கணும்?

உள்ள போகாதீங்க. இதுதான் நான் எல்லாருக்கும் சொல்றது, யாரும் கேக்குறது இல்ல. வெளிக்கதவு தாண்டினதும் ஒரு முன்மண்டபம் வரும், கொஞ்சம் இருட்டா, குளிர்ச்சியா இருக்கும், எல்லாரும் அதை ஏதோ வெயிட்டிங் ரூம் மாதிரி நினைச்சு நேரா உள்ள ஓடுவாங்க. அங்கயே பத்து நிமிஷம் நில்லுங்க. கண்ணு இருட்டுக்குப் பழகட்டும். அப்புறம் எதிர்ல இருக்குற நடுவாசலுக்கு மேல பாருங்க.

ஒரு பெரிய அரைவட்டக் கல்லுச் சிற்பம். நடுவுல இயேசு, அவர் கை விரல்லேர்ந்து கதிர் கதிரா கிளம்பி ரெண்டு பக்கமும் சீடர்கள் தலை மேல இறங்குது, போய் உலகம் பூரா சொல்லுங்கன்னு அனுப்புற காட்சி. அங்கியோட மடிப்பைப் பாருங்க, முட்டி கிட்டயும் இடுப்பு கிட்டயும் சுழி சுழியா, ஆத்துல நீர்ச்சுழல் இருக்குமே அப்படி. கல்லுல காத்து அடிக்குற மாதிரி இருக்கும். சுத்தி வட்ட வட்டமா பன்னெண்டு ராசியும் மாசத்துக்கு மாசம் குடியானவங்க பண்ற வேலையும், அறுப்பு, திராட்சை, இப்படி. உச்சியில ஒரு நாயும் ஒரு கழைக்கூத்தாடியும் ஒரு கடல்கன்னியும் அப்படியே உடம்பை வட்டமா வளைச்சுக்கிட்டு இடத்துக்குள்ள அடங்கி உக்காந்திருக்கும், செதுக்கினவன் சிரிச்சுட்டே செதுக்கியிருப்பான்.

எனக்குப் பிடிச்சது இதெல்லாம் இல்ல, உலகத்து ஜனங்களைக் காட்டுற இடம். சீடர்கள் யார்கிட்ட போகப் போறாங்களோ அந்த ஜனங்க. முறம் மாதிரி காது வச்ச ஒரு குடும்பம். குதிரை மேல ஏற ஏணி வச்சு ஏறுற குள்ளன். நாய்த் தலையோட நின்னு பேசிட்டிருக்குற ஆளுங்க. இந்த நாய்த்தலை மனுஷங்க எங்க இருக்காங்கன்னு பழைய கிரேக்கக்காரங்க எழுதி வச்சாங்க தெரியுமா? இந்தியாவோட மலையில. அதாவது அங்க மேல நிக்குறது நம்மாளுங்கதான்! இதை எங்க மாமாகிட்ட சொன்னதும் அவர் கண்ணாடியைத் துடைச்சு மாட்டிட்டு ரொம்ப நேரம் உத்துப் பாத்துட்டு, காது நம்ம பெரியப்பா காதுதான்டான்னார்.

அதெல்லாம் முடிஞ்சு, இப்ப உள்ள போங்க. இருட்டுலேர்ந்து வெளிச்சத்துக்குள்ள காலை வைக்கிற மாதிரி இருக்கும், 62 மீட்டர் நீளம், பழுப்புக் கல்லும் வெள்ளைக் கல்லும் மாத்தி மாத்தி வச்ச வளைவு ஒண்ணுக்குப் பின்னாடி ஒண்ணா போய்க்கிட்டே இருக்கும், கடைசியில பலிபீடம் இருக்குற பகுதி இன்னும் பளீர்னு வெள்ளையா. அது பின்னாடி 12-ஆம் நூற்றாண்டுக் கடைசியில கோத்திக் பாணியில கட்டினது. நேரா ஓடினவங்களுக்கு இது கிடைக்காது.

தூண் மேல நிறைய சிற்பம்னு சொன்னாங்க, எல்லாம் பாக்க முடியுமா?

சுமார் நூறு போதிகை இருக்கு, ஒவ்வொண்ணுலயும் ஒரு கதை. எல்லாம் பாத்தா கழுத்து போயிடும். பைனாகுலர் இருந்தா எடுத்துட்டு வாங்க, நிஜமா. ரெண்டு மட்டும் விட்டுடாதீங்க. ஒண்ணு மாவு அரைக்குற சிற்பம், வலது பக்க நடையில இருக்கு, மோசே மேலேர்ந்து தானியத்தைக் கொட்டுறார், பவுல் கீழ சாக்கு பிடிச்சு மாவை வாங்குறார், பைபிளோட பழைய ஏற்பாடு அரைபட்டு புதிய ஏற்பாடா வருதாம். நம்ம ரைஸ்மில்லுல வாய் கிட்ட பையைப் பிடிச்சுட்டு நிப்போமே, அதே மாதிரி குனிஞ்சு நிப்பார். இன்னொண்ணு இயேசுவைக் காட்டிக் குடுத்த யூதாஸ். ஒரு பக்கம் நாண்டுகிட்டு நாக்கு தள்ளி தொங்குறான், அடுத்த பக்கம் ஒருத்தர் அவன் உடம்பை ஆட்டுக்குட்டியத் தூக்குற மாதிரி தோள்ல போட்டுத் தூக்கிட்டுப் போறார். அது நல்ல மேய்ப்பனான இயேசுவேதான்னு சொல்றவங்க இருக்காங்க, போப் பிரான்சிஸ் கூட இந்தச் சிற்பத்தைப் பத்திப் பேசியிருக்கார். ரொம்ப உசரத்துல இருக்கு, தேடணும்.

ஜூன் 21 ஏதோ வெளிச்சம் விழுமாமே?

ஆமா. வருஷத்துலயே நீளமான பகல் அன்னிக்கு, சூரியன் உச்சிக்கு வரும்போது தெற்குப் பக்க மேல் ஜன்னல் வழியா வர்ற வெளிச்சம் நடைபாதையோட நட்ட நடுவுல வட்ட வட்டமா, வரிசையா, பலிபீடம் நோக்கி விழும். நம்ம ஊர்ல சில சிவன் கோயில்ல குறிப்பிட்ட நாள்ல வெயில் நேரா லிங்கத்து மேல விழுமே, அந்த மாதிரி. 1976-ல அங்க இருந்த ஒரு பிரான்சிஸ்கன் துறவி கவனிச்சு சொன்னப்புறம்தான் வெளிய பிரபலம் ஆச்சு. கட்டினவங்க திட்டம் போட்டு பண்ணாங்களான்னு எழுதி வச்சுட்டுப் போகல.

நேரம் முக்கியம். பன்னெண்டு மணின்னு போய் நிக்காதீங்க, கோடையில பிரான்ஸ் கடிகாரம் சூரியனுக்கு ரொம்ப முன்னாடி ஓடுது, நிஜமான உச்சி மதியம் 1.45 தாண்டிதான். முன்ன பின்ன சில நாள் போனாலும் கிட்டத்தட்ட அதே மாதிரி தெரியும், கூட்டமும் கம்மி. நாங்க முதல் வருஷம் சரியா 21 அன்னிக்கு லீவு போட்டுப் போனோம், ஒரே மேகம், ஒண்ணும் தெரியல. ரெண்டாவது தடவை 23-ஆம் தேதி, நல்ல வெயில். பெரியவங்க எல்லாம் ஓரமா அமைதியா நின்னுட்டிருக்க, ஒரு சின்னப் பொண்ணு ஒரு வெளிச்ச வட்டத்துலேர்ந்து அடுத்ததுக்கு பாண்டி ஆடுற மாதிரி தாண்டித் தாண்டி பலிபீடம் வரைக்கும் போயிட்டா. யாரும் தடுக்கல.

எல்லாம் நிஜமாவே பழசா, இல்ல புதுசா கட்டி வச்சிருக்காங்களா?

நல்ல கேள்வி. கலந்துதான் இருக்கு. 1569-ல புரொட்டஸ்டண்ட் படை ஊரைப் பிடிச்சு நாசம் பண்ணுச்சு, பிரெஞ்சுப் புரட்சி சமயத்துல மடத்துக் கட்டடங்களை வித்து இடிச்சுட்டாங்க, 1819-ல இடி விழுந்து கோபுரம் எரிஞ்சுது. 1834-ல அரசாங்க ஆய்வாளர் ப்ரோஸ்பர் மெரிமே வந்து உக்காந்து படம் வரையும்போது மேலேர்ந்து சின்னச் சின்னக் கல்லு சுத்தி விழுந்துட்டே இருந்துச்சுன்னு எழுதியிருக்கார். 1840-ல ரிப்பேர் வேலையை வியோலே லெ துக்னு ஒரு கட்டடக் கலைஞர்கிட்ட குடுத்தாங்க, அப்ப அவருக்கு வயசு 26. பின்னாடி பாரிஸ் நோத்ர தாம்ல ஊசிக் கோபுரம் வச்சது, 2019 தீயில விழுந்ததே, அது இவரோடதுதான். வெசலேல 1859 வரைக்கும் வேலை நடந்துச்சு. வெளிவாசல் மேல இருக்குற சிற்பம் 19-ஆம் நூற்றாண்டு வேலை, அதுக்கு முன்னாடி நின்னு நேரத்தை வீணாக்காதீங்க. முன்மண்டபத்துக்குள்ள இருக்குறது ஒரிஜினல்.

நாங்க இந்து, உள்ள விடுவாங்களா? டிக்கெட் எவ்ளோ?

யார் வேணா போலாம், டிக்கெட் கிடையாது. தோள் மூடுற மாதிரி சட்டை, சத்தம் இல்லாம நடை, போன் சைலண்ட்ல. பூசை நடக்கும்போது சுத்திச் சுத்திப் போட்டோ எடுக்காதீங்க. பூசை, செபம் எத்தனை மணிக்குன்னு வாசல்ல போட்டிருப்பாங்க, அந்த நேரத்துல போய் பின்னாடி உக்காருங்க, மொழி புரியலைன்னாலும் பரவால்ல, அந்தக் கல்லுக்குள்ள ஒரு பாட்டு எழும்பி அடங்க எடுத்துக்கிற நேரம் இருக்கே. பெரிய செல்லோ வித்வான் ரோஸ்ட்ரோபோவிச், ஜெர்மன் இசையமைப்பாளர் பாக்கோட செல்லோ இசையை ரெக்கார்ட் பண்ண 1991-ல இந்தக் கோயிலைத்தான் தேடி வந்தார்.

ஓரத்துல பெரிய பெரிய மரச் சிலுவை நிக்குதே, அது எதுக்கு?

1946-ல, ரெண்டாம் உலகப் போர் முடிஞ்ச மறு வருஷம், பெர்னார் சிலுவைப் போருக்கு ஆள் கூப்பிட்டு 800 வருஷம் ஆச்சுன்னு இந்தத் தடவை சமாதானத்துக்காக ஒரு யாத்திரை வச்சாங்க. பல திசைலேர்ந்து 14 பெரிய சிலுவையைத் தோள்ல சுமந்து நடந்தே வந்தாங்க. பக்கத்துல முகாம்ல இருந்த ஜெர்மன் போர்க்கைதிகள் நாங்களும் வரலாமான்னு கேட்டாங்களாம். குண்டு விழுந்து இடிஞ்ச வீட்டு மரத்துல அவங்களே செஞ்சது பதினஞ்சாவது சிலுவை. வழவழப்பா இருக்காது, எங்கன்னு கேட்டுப் போய்ப் பாருங்க.

ஊருக்குள்ள கோயில் தவிர வேற என்ன?

ரொமேன் ரோலான் வீடு. 1915-ஆம் வருஷத்து இலக்கிய நோபல் வாங்கின பிரெஞ்சு எழுத்தாளர், காந்தியைப் பத்தியும் ராமகிருஷ்ணர், விவேகானந்தரைப் பத்தியும் பிரெஞ்சுல புத்தகம் எழுதினவர், காந்தி 1931-ல சுவிட்சர்லாந்து போய் இவரோட விருந்தாளியாத்தான் தங்கினார். கடைசிக் காலத்துல வெசலே வந்து 1944 டிசம்பர்ல இங்கயே செத்துப்போனார். அந்த வீடு இப்ப செர்வோஸ் மியூசியம், பிக்காசோ, மிரோ, கால்டர்னு நவீன கலைஞர்களோட ஒரு பெரிய கலெக்‌ஷன். குளிர்காலத்துல மூடியிருக்கும். கோயிலுக்குப் பின்னாடி பழைய மடம் இருந்த இடம் இப்ப மரத்தடி மொட்டை மாடி மாதிரி, கூர் நதிப் பள்ளத்தாக்கு பூரா தெரியும், வீட்டுலேர்ந்து கட்டிட்டு வந்த புளிசாதத்தைப் பிரிக்க அதைவிட நல்ல இடம் இல்ல.

சைவம் கிடைக்குமா?

கிடைக்கும், தேடணும். மதியம் ரெண்டு மணிக்கு மேல சமையல் கட்டை மூடிடுவாங்க, அதனால முதல்ல சாப்பாடு, அப்புறம் கோயில். குழேர்னு சீஸ் போட்ட பன் மாதிரி ஒண்ணு பேக்கரில இருக்கும், சூடா வாங்குங்க, முட்டை சேர்த்திருப்பாங்க. முட்டைக் குழம்புன்னு நினைச்சு செவப்பு ஒயின்ல போட்ட முட்டையை ஆர்டர் பண்ணிடாதீங்க, அதுல பன்றிக் கறி துண்டு துண்டா கிடக்கும், எங்க சித்தப்பா பாதி சாப்பிட்டப்புறம்தான் கேட்டார். குடிக்கிறவங்களுக்கு, இந்தக் குன்னைச் சுத்தி விளையுற வெள்ளை ஒயின் வெசலேங்கிற ஊர் பேர்லயே வரும்.

ராத்திரி தங்கணுமா, ஒரே நாள்ல திரும்பிடலாமா?

திரும்பிடலாம், பெரும்பாலானவங்க அப்படித்தான் பண்றாங்க. முடிஞ்சா தங்குங்க. சாயங்காலம் பஸ் கூட்டம் எல்லாம் இறங்கிப் போனப்புறம் தெருவுல நம்ம செருப்புச் சத்தம் மட்டும்தான் கேக்கும். பழைய வீடுகளுக்கு அடியில வளைவு வளைவா கல்லு நிலவறை இருக்கு, யாத்திரைக்காரங்க படுத்துத் தூங்கின இடம், சில வீட்டுல கடையாவும் ஓவியக் கேலரியாவும் திறந்து வச்சிருப்பாங்க, எட்டிப் பாருங்க. காலையில சீக்கிரம் எந்திரிச்சு வடக்குச் சரிவுல இறங்கினா லா கோர்தெல்னு ஒரு குட்டிச் சாப்பல் வரும், பெர்னார் பேசின இடத்துக்கிட்ட. 1217-ல பிரான்சிஸ் அசிசியாரோட சீடர்கள் பிரான்ஸுக்கு வந்து முதல்ல காலூன்றினது அங்க. உள்ள பத்து இருபது பேர் உக்காந்தா நெரிசல் ஆயிடும். இறங்குறது சுலபம், திரும்ப ஏறும்போது மூச்சு வாங்கும், அம்மாவை மேலயே ஒரு காபி கடையில உக்கார வச்சுட்டுப் போங்க.